குண்டு இறக்கப் போற மருமோனுக்கு

இருங்கோ மருமோன், இருங்கோ. தேத்தண்ணி வருது. கயாக்கில டவுன்ரிக்கர் பூட்டப் போறியள் எண்டு மகள் சொன்னவ. கிழமைக் கணக்காய் இரவிரவாய் முழிச்சிருந்து வீடியோ பாத்துப் படிச்சிருக்கிறியளாம். நல்லது. நான் பள்ளிக்கூடத்தில படிச்சது எல்லாத்தையும் விட அது கூட. அதாலதான் உங்களுக்குப் புத்தி சொல்லக் கொஞ்சம் கூச்சமாய்க் கிடக்கு. ஆனாலும் சொல்லப் போறன்.

முதல் விசயம். இனி ஃபோனை எடுத்து "மாமா, குண்டு வந்திட்டுது!" எண்டு கத்தாதேங்கோ. நான் ஸ்பீக்கரில போட்டிருந்தனான். மாமி அடுப்பை நூத்துப்போட்டு, பாஸ்போட் பையையும் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ற் படியில போய் நிண்டவ. அது ஈயக்குண்டு, மருமோன் மீன் பிடிக்க வாங்கினது எண்டு விளங்கப்படுத்தி மேல கூட்டிக்கொண்டு வாறதுக்குள்ள கறி அடிப்பிடிச்சுப் போச்சு.

இப்ப அந்தக் குண்டைப் பற்றியே கதைப்பம். பத்து இறாத்தல் எண்டு அதில பொறிச்சுக் கிடக்கு. பத்து வாங்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது? பிளஃபர்ஸ் பார்க்கில வெளிக்கிடுற பெரிய போட்டுக்காரர் பத்து, பன்னிரண்டு இறாத்தல் போடுகினம், உண்மைதான். அவைக்குப் பெரிய எஞ்சின், கரண்டில தானாய்ச் சுத்துற சில்லு, பக்கத்தில பியர் குடிச்சுக்கொண்டு உதவி செய்ய இரண்டு பேர். உங்களுக்கு ஒரு பிளாஸ்ரிக் ஓடமும் இரண்டு முழங்காலும். அதிலயும் ஒரு முழங்கால் பட்மின்ரனில பழுதாய்ப் போனது. கயாக்குக்கு நாலு இறாத்தல் காணும். ஆழம் கூடினால் ஆறு போடுங்கோ. அதுக்கு மேல போடுறவர் மீனுக்குப் போகேல்லை, நங்கூரம் போடப் போறார். பத்து இறாத்தலைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வையுங்கோ. நான் கேட்டால் தருவியளோ தெரியாது, எங்கட பின்கதவும் காத்துக்கு அடிக்குது.

ஈயத்தைத் தொட்ட கையால வடை எடுக்காதேங்கோ. பிளாஸ்ரிக் பூச்சுப் பூசின குண்டு இருக்கு, அதை வாங்குங்கோ.

உந்த டவுன்ரிக்கரில மாயம் ஒண்டும் இல்லை. ஒரு சில்லில கம்பி சுத்திக் கிடக்கு. அந்தக் கம்பி ஒரு கைமரத்தின்ர நுனியில இருக்கிற கப்பிக்கு மேலால போய்த் தண்ணிக்குள்ள இறங்குது. கடைசியில குண்டு. குண்டுக்குக் கிட்ட ஒரு கவ்வி. உங்கட தூண்டில் தங்கூசியைக் கவ்வியில செருகி விட்டால் குண்டு போற ஆழத்துக்குத் தூண்டிலும் போகும். மீன் கொத்தி இழுத்த உடனே தங்கூசி கவ்வியை விட்டுக் கழரும். பேந்து நடுவில ஈயத்தின்ர பாரம் இல்லை, உங்களுக்கும் மீனுக்கும் நேருக்கு நேர் வழக்கு. வடமராட்சிக் கரையில நாங்கள் கயித்திலயே ஈயத்தைக் கட்டி இறக்கினனாங்கள். மீன் பட்டால் மீனையும் ஈயத்தையும் சேத்துத்தான் இழுத்தம். இந்தச் சாமானைக் கண்டுபிடிச்சவன்ர கெட்டித்தனம் கழரவிட்டதிலதான் கிடக்கு.

நான் சொல்ல வந்தது அதைத்தான் மருமோன். எப்படி இறுக்கிப் பூட்டுறது எண்டு நீங்கள் கேட்டுக்கொண்டு திரியிறியள். அது எப்படி எப்படியெல்லாம் விடும் எண்டு நான் கேக்கிறன். கவ்வி விட வேணும், சில்லு விட வேணும், கம்பி விட வேணும். கடைசியாய் நீங்களும் விட வேணும், அதுதான் உங்கட குடும்பத்தில கொஞ்சம் கஸ்ரம். உங்கட அப்பா சீட்டு விளையாடேக்க பாத்திருக்கிறன்.

கயாக்குக்கு இதெல்லாம் ஏன் எண்டு சிலபேர் கேக்கினம். மே மாதத்தில தேவையில்லைத்தான். தண்ணி மேலயும் கீழயும் ஒரே குளிர், மீன் கரையோரமாய் மேலயே திரியும். யூலை வர மேல்தண்ணி சூடாகும். சினூக் சால்மனுக்குப் பிடிச்சது 10 தொடக்கம் 13 பாகை செல்சியஸ். அதுக்கு மேல எண்டால் அதுக்குப் புழுக்கம், கீழ போயிடும். மேல்சூடும் கீழ்க்குளிரும் சந்திக்கிற ஒரு படை தண்ணிக்குள்ள இருக்கு, அதை ஒட்டித்தான் நிக்கும். சில நாள் 50 அடி, சில நாள் 80 அடி. ஒன்ராறியோ ஏரியின்ர ஆகக் கூடின ஆழம் 244 மீற்றர். பயப்படாதேங்கோ, அங்க போகச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை.

படை எங்க நிக்குது எண்டு உங்கட மீன் காட்டுற திரையில மங்கலாய் ஒரு கோடு காட்டும். திரை பழுதாய்ப் போனால் கிழவன்ர வழி ஒண்டு இருக்கு. குண்டை மேல இழுத்த கையோட அதைத் தொட்டுப் பாருங்கோ. விரல் விறைச்சால் குளிர்தண்ணிக்குள்ள போய் வந்திருக்கு. வெதுவெதுப்பாய் இருந்தால் இன்னும் இறக்க வேணும். இதுக்குப் பற்றரி தேவையில்லை.

இன்னுமொரு சங்கதி, இதை வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டினம். இஞ்ச கச்சான் காத்து இரண்டு மூண்டு நாள் விடாமல் அடிச்சால் எங்கட வடகரையில ஒரு வேலை நடக்கும். பூமி சுத்துறதால, மேற்கில இருந்து அடிக்கிற காத்து மேல்தண்ணியைத் தெற்குப் பக்கமாய்த் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழ கிடந்த குளிர்தண்ணி கரைக்கு ஏறி வரும். முந்தநாள் பிள்ளையள் குளிச்ச தண்ணியில இண்டைக்குக் கால் வைக்க ஏலாது. சனம் கரையில நிண்டு திட்டும். மீன் குளிரோட சேந்து கிட்ட வரும், குண்டு 30 அடி இறங்கினால் காணும். கயாக்குக்காரனுக்கு அதைப் போல நாள் கிடையாது. கவிழக் கூடாத நாளும் அதுதான்.

இந்தச் சினூக் இந்த ஏரியில பிறந்த சாதி இல்லை, தெரியுமோ? முந்தி இஞ்ச இருந்தது அத்திலாந்திக் சால்மன். ஆத்துக்கு ஆறு அணை கட்டி, காட்டை வெட்டி, கண்டபடி பிடிச்சு 1800களின்ர கடைசியில அதைத் துடைச்சுப்போட்டினம். பேந்து கடலில இருந்து வந்த ஏல்வைஃப் எண்ட சின்ன மீன் மேல் ஏரிகளில பெருகிக் கரையெல்லாம் செத்து ஒதுங்கி நாறத் தொடங்கிச்சுது. மிச்சிகன் மாநிலத்தில மீன்துறைக்குப் பொறுப்பாய் இருந்த ஹவர்ட் டானர், அதைத் தின்னுறதுக்கெண்டு பசிபிக் கரைக் கோஹோ சால்மனை 1966 இல மிச்சிகன் ஏரியில விட்டவர். அடுத்த வருசம் சினூக். அது பிழைச்சதைக் கண்டு ஒன்ராறியோ ஏரியிலயும் விட்டினம். ஆக அதுவும் என்னைப் போல ஸ்பொன்சரில வந்ததுதான். ஒரு வித்தியாசம், அது வந்த உடனேயே வேலைக்குப் போயிட்டுது.

சரி, பூட்டுற கதைக்கு வருவம். கராஜில பென்சிலால அடையாளம் போட்டிருக்கிறியள், எட்டிப் பாத்தனான். சீற்றுக்குப் பின்னால, வலப்பக்க ஓரத்தில. ஏன் அங்க எண்டு கேட்டால் "பாக்க வடிவாய் இருக்கும் மாமா" எண்டு சொல்லுவியள். படம் எடுத்துப் போட வடிவுதான். ஆனால் கம்பி சிக்கினால் உடம்பை முறுக்கித் திரும்ப வேணும். கயாக்கில பின்னால திரும்பினவன் பாதி தண்ணிக்குள்ள. அதோட, குண்டு அடியில மாட்டினால் பின்பக்கம் கீழ இழுபடும், அலை அதுக்கு மேலால ஏறி உங்கட மடிக்குள்ள வந்து இருக்கும்.

முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில, ஏலுமானவரை உள்பக்கமாய் வையுங்கோ. இருந்த இருப்பில, முதுகு வளையாமல், நாலு சாமானைத் தொட ஏல வேணும். சுத்துற கைபிடி, பிறேக், குண்டு, கத்தி. கராஜில கயாக்குக்குள்ள ஏறி இருந்து கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கோ. அயல்சனம் பாத்தால் பாக்கட்டும், எப்பிடியும் உங்களைப் பற்றி ஏதோ நினைச்சுத்தான் வைச்சிருக்கினம். துடுப்பு வலிக்கிற கயாக் எண்டால் துடுப்பு போய்வாற வழியில இது நிக்கக் கூடாது, ஒவ்வொரு வலிப்புக்கும் விரல்மொளி அடிபடும். உங்கடது பெடல், கை சும்மா இருக்கும். சுக்கான் கைபிடி இடப்பக்கம் இருக்கு, அப்ப டவுன்ரிக்கர் வலப்பக்கம் இருக்கட்டும். ஒரு கை ஓட்டும், மற்றக் கை சுத்தும்.

கைமரம் கட்டையாய் இருக்க வேணும். கம்பி கயாக்கின்ர பக்கத்தில உரசாமல், பெடலின்ர துடுப்பிலயும் சுக்கானிலயும் மாட்டாமல் இறங்குற அளவு வெளியால நீட்டினால் போதும். அதுக்கு மேல நீட்டுற ஒவ்வொரு அங்குலமும், அதே நாலு இறாத்தலுக்கு உங்களைக் கவுக்கக் கூட உரிமை கொடுக்குது.

உங்கட கயாக் பொலிஎதிலீன். நல்ல சாமான், கல்லில இழுத்தாலும் உடையாது, ஆனால் மெல்லிசு. வெறும் மரையாணியை அதில முறுக்கினால் முதல் நாள் இரும்பு மாதிரி நிக்கும். குண்டை ஏத்தி இறக்க ஏத்தி இறக்க ஓட்டை பெருக்கும். கை உள்ளுக்குப் போற இடமாய்ப் பாத்து, உள்பக்கம் ஒரு தட்டு வையுங்கோ. அலுமினியமோ தடிச்ச பிளாஸ்ரிக்கோ, எதெண்டாலும். துருப்பிடிக்காத போல்ட், அகல வாஷர், தானாய்க் கழராத நைலோன் நட். அப்பதான் இழுவை நாலு ஓட்டையில நிக்காமல் தட்டு முழுக்கப் பரவும். கை போகாத இடத்துக்கெண்டு இறுக்க இறுக்க உள்ளுக்கு விரியிற றப்பர் நட் விக்கினம். தூண்டில் தடி தாங்கிக்கு அது காணும். இதுக்கு அதை நம்பாதேங்கோ.

சிலிக்கோனை அள்ளி அப்பினால் பிடிச்சுக்கொண்டு நிக்கும் எண்டு ஒரு ஆள் உங்களுக்குச் சொல்லியிருப்பார். அந்தப் பிளாஸ்ரிக்கில ஒரு பசையும் ஒழுங்காய் ஒட்டாது. பசை தண்ணி ஒழுகாமல் இருக்க, அவ்வளவுதான். பிடிக்கிறது போல்ட்.

கயாக்கோட வந்த அலுமினியத் தண்டவாளத்தில சும்மா கொளுவி விடலாமே எண்டு கேப்பியள். முதல்ல அந்தத் தண்டவாளத்தை என்னத்தால பூட்டியிருக்கினம் எண்டு பாருங்கோ. சின்னச் சின்ன மரையாணி எண்டால் அது ஃபோனைத் தாங்கும், தேத்தண்ணிக் கோப்பையைத் தாங்கும். அதைக் கழட்டிப்போட்டு, உள்தட்டு வைச்ச போல்ட்டால திருப்பிப் பூட்டிப்போட்டுப் பேந்து டவுன்ரிக்கரைக் கொண்டாங்கோ. துளைக்க முதல் உள்ளுக்கு ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. மேல்தட்டில இருந்து தண்ணி வடியிற குழாய் கீழால போகுது. அதைத் துளைச்சியள் எண்டால் ஏரி நேரே உங்கட கயாக்குக்குள்ள குடிவரும், வாடகையும் தராது.

பூட்டி முடிஞ்ச பிறகு டவுன்ரிக்கரைப் பிடிச்சுக் கயாக்கையே உலுப்புங்கோ. இரக்கப்படாதேங்கோ. கராஜில கழண்டால் சிரிக்க நான் ஒருத்தன் மட்டும்தான்.

இனிக் கம்பி. சாமானோட வந்தது 150 இறாத்தல் தாங்குற உருக்குக் கம்பி. நல்ல பலம். எவ்வளவு பலம் எண்டால், நீங்கள் கவிண்ட பிறகும் அது அறாமல் இருக்கும். கத்தியால வெட்டவும் ஏலாது, குறடு தேட வேணும், குறடு பெட்டிக்குள்ள, பெட்டி பின்னால. அதைக் கழட்டிப்போட்டுப் பின்னல் நூல் சுத்துங்கோ. கூர்க்கத்தியால ஒரு இழுவை, கதை முடிஞ்சுது. அதிலயும் நூலுக்கும் குண்டுக்கும் நடுவில ஒரு முழம் 30 இறாத்தல் தங்கூசி கட்டுங்கோ. குண்டு கல்லில மாட்டினால் முதல்ல அறுறது அதுவாய் இருக்கட்டும். சில்லில நூலின்ர மற்ற நுனியையும் மெல்லிசாய்த்தான் முடிய வேணும். எல்லா நூலும் ஓடி முடிஞ்சாலும் அதுவாய்க் கழண்டு போகட்டும். பிறேக்கும் அப்பிடித்தான். கையால குண்டைப் பிடிச்சுக் கொஞ்சம் உரமாய் இழுத்தால் சில்லு வழுக்கிச் சுத்த வேணும். உங்களுக்கு எல்லாத்தையும் கடைசி வரைக்கும் இறுக்கிற பழக்கம், மகளின்ர ஊறுகாய்ப் போத்தலைத் திறக்க நான்தானே வாறனான்.

நூலில ஐஞ்சு பாகத்துக்கு ஒருக்கா நிற நூலால ஒரு சுத்துப் போட்டு விடுங்கோ. பாகம் எண்டது இரண்டு கையையும் விரிச்ச அகலம், ஆறடி எண்டு வைப்பம். எண் காட்டுற மீற்றர் குளிருக்கு நிண்டு போனாலும் நிறத்தை எண்ணலாம். அதோட மீற்றர் சொல்லுறது நூலின்ர நீளத்தை, குண்டின்ர ஆழத்தை இல்லை. ஓடேக்க நூல் பின்னால சாயும். 30 பாகை சாஞ்சால் 100 அடி நூலுக்குக் குண்டு 87 அடியில நிக்கும். 45 பாகை எண்டால் 71 அடி. நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள், எனக்குச் சொல்லித் தந்தது உங்கட மனிசிதான்.

தண்ணியில இறங்கிற முதல் நாள் தூண்டிலே கொண்டு போகாதேங்கோ. இடுப்பளவு தண்ணியில கயாக்கை வைச்சு, குண்டைக் கைமர நுனியில தொங்கவிட்டு, அந்தப் பக்கமாய்ச் சாயுங்கோ. எங்க வரைக்கும் தாங்குது எண்டு உடம்புக்குத் தெரிய வேணும். பேந்து வேணுமெண்டே கவிழுங்கோ. திருப்பி ஏறுங்கோ. ஏறத் தெரியுமோ? வீடியோவில பாத்தனீங்கள். சரி.

மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில பேராசிரியராய் இருந்தவர் கோர்டன் கீஸ்பிறெக்ற். தன்னையே குளிர்தண்ணியில போட்டுப் போட்டு ஆராய்ஞ்ச மனிசன். அவர் ஒரு கணக்குச் சொல்லுறார், 1, 10, 1 எண்டு. உறைகுளிர்த் தண்ணியில விழுந்தால் ஒரு நிமிசம் மூச்சு உங்கட பேச்சுக் கேக்காது, அந்த நிமிசம் தண்ணி குடிக்காமல் தப்ப வேணும். அடுத்த பத்து நிமிசம் கைகால் ஓரளவு சொல்வழி கேக்கும். ஒரு மணித்தியாலம் வரையில நினைவு இருக்கும். இது லைஃப் ஜக்கெற்றை உடம்பில போட்டவருக்கான கணக்கு. கயாக்கின்ர முன்பக்கத்தில மடிச்சு வைச்சவருக்கு ஒரே ஒரு நிமிசம்தான். சட்டம் லைஃப் ஜக்கெற் கயாக்கில இருந்தால் காணும் எண்டுது. அதோட 15 மீற்றர் மிதக்கிற கயிறு, விசில் எண்டும் சொல்லுது. நான் சட்டம் இல்லை, மாமன். ஜக்கெற் உடம்பில இருக்க வேணும், குளிர் மாதத்தில ஈரம் உள்ளுக்குப் போகாத உடுப்பும் வேணும். மகளுக்கு நான் இன்னொருக்கா மண்டபம் புக் பண்ண மாட்டன்.

இறக்கிற விதம். ஓட்டத்தை நிப்பாட்டாமல் இறக்க வேணும். முதல்ல தூண்டிலைப் பின்னால 20, 30 அடி விடுங்கோ. தூண்டிலில கட்டின உந்தப் பளபளக்கிற கரண்டி வடிவாய் ஆடுதோ எண்டு பாருங்கோ. பெரிய போட்டுக்காரர் போடுற பட்டைத் தகட்டைக் கயாக்கில தொடாதேங்கோ, அது தண்ணியைப் பிடிச்சு இழுத்து முழங்காலை முறிக்கும், கவ்வியையும் கழட்டிப்போடும். தங்கூசியைக் கவ்வியில செருகுங்கோ. தடியைத் தாங்கியில வைச்சு, றீலை லேசாய் விட்டுக்கொண்டு, மற்றக் கையால பிறேக்கைத் தளத்தி மெல்ல மெல்ல. அவசரப்பட்டுப் பொத்தெண்டு விட்டால் தூண்டில் குண்டு நூலைச் சுத்திக்கொண்டு போகும். கீழ ஆழத்தில அது பின்னிக்கொண்டு போறது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இரண்டு மணித்தியாலம் ஏரிக்குக் கரண்டி காட்டிக்கொண்டு திரிவியள். வேண்டிய ஆழத்தில நிப்பாட்டின பிறகு றீலை இறுக்கித் தடியை நல்லாய் வளைய விடுங்கோ. மீன் கொத்திக் கவ்வி விட்டால் தடி துள்ளி நிமிரும். கையில எடுத்துக் கடகடவெண்டு தொய்வைச் சுத்த வேணும்.

வேகம் மூண்டரைக் கிலோமீற்றர் அளவு. கொஞ்ச நேரம் மிதிக்காமல் ஃபோன் பாத்தால் குண்டு கீழ இறங்கிக் கல்லைத் தேடும். அதே மாதிரிச் சடாரெண்டு திரும்பாதேங்கோ. திரும்புற உள்பக்கத்துக் குண்டு வேகம் குறைஞ்சு தாழும், நூல் கயாக்கின்ர அடிக்கால வந்து சுக்கானோட கலியாணம் முடிக்கும். பெரிய வட்டமாய்த் திரும்புங்கோ, ஏரி அகலமானதுதான்.

ஆனாலும் ஒரு நாள் மாட்டும். மாட்டின உடனே எல்லாரும் செய்யிறது என்ன? நூலைக் கையால பிடிச்சு அந்தப் பக்கம் சாஞ்சு இழுக்கிறது. ஏரி பாத்துக்கொண்டிருக்கிறது அதைத்தான். நீங்கள் மிதிக்கிறதை நிப்பாட்டுங்கோ, பிறேக்கைத் திறந்து நூலை ஓட விடுங்கோ. இழுவை விட்டிட்டுது, கயாக் நேராய் நிக்குது, இப்ப மூச்சு விடலாம். மெல்ல வட்டம் அடிச்சு வந்த பக்கமாய்த் திரும்பிப் போய்க் குண்டுக்கு மேலால நிண்டு சுத்துங்கோ. பாதிக்கு மேல கழண்டு வரும். வராட்டி, அல்லது அலை எழும்பியிருந்தால், யோசிக்காமல் வெட்டுங்கோ. கத்தி நெஞ்சில, ஜக்கெற்றில கொளுவி இருக்க வேணும். அந்த நேரத்தில "ஐயோ, 30 டொலர் குண்டு" எண்டு ஒரு குரல் உள்ளுக்குக் கேக்கும். அது உங்கட அப்பாட குரல். அவருக்கு நான் பதில் சொல்லுறன், நீங்கள் வெட்டுங்கோ.

மீன் பட்டிட்டுது எண்டு வைப்பம். இருபது இறாத்தல் சினூக் ஒண்டு. நீங்கள் கத்துவியள், பறவாயில்லை, தண்ணியில கத்தினால் மாமிக்குக் கேக்காது. அது முதல் ஓட்டத்தில தங்கூசியை உருவிக்கொண்டு போகும், கயாக்கையும் தன்னோட இழுக்கும். போகட்டும், இழுவை நேராய் அணியத்தால வாற மாதிரி மூக்கைத் திருப்பி விடுங்கோ. முதல் ஓட்டம் அடங்கின இடைவெளியில தடியைத் தாங்கியில வைச்சுப்போட்டு, மிதிச்சுக்கொண்டே, குண்டை மேல சுத்துங்கோ. குண்டு கீழ தொங்க மீன் கிட்ட வந்தால் அது நூலைச் சுத்தித் தேர் இழுக்கும். சுத்துக்கு ஒரு அடி வாற சில்லு எண்டால் 60 அடிக்கு 60 சுத்து, பட்மின்ரன் மட்டை பிடிக்கிற கையால. சுத்தி எடுத்த குண்டை ஆட விடாமல் அதுக்கெண்டு ஒரு கிண்ணம் வைச்சு அதில இருத்துங்கோ. தொங்க விட்டால் ஒவ்வொரு அலைக்கும் வந்து முழங்கால்சில்லில தட்டும். மீனை வலைக்குள்ள எடுக்கேக்க நீங்கள் சாயக் கூடாது, வலையைத் தண்ணியில தாழ்த்திப் பிடிச்சு மீனை அதுக்குள்ள கொண்டு வாங்கோ. களைச்சுப் போன மீனுக்குத் தலை திரும்பின பக்கம்தான் வழி.

உங்களுக்கு ஒன்ராறியோ மீன்பிடி லைசென்ஸ் வேணும், மறக்காதேங்கோ. எனக்கு வேண்டாம். கனடாவில இருக்கிற, 65 வயசு தாண்டின ஆளுக்கு வயசைக் காட்டுற அரசாங்க அடையாள அட்டையே லைசென்ஸ். இந்த நாட்டில கிழவனாய்ப் போனதுக்குக் கிடைச்ச மரியாதை இது ஒண்டுதான், அதையும் பஸ்ஸில கிழவனெண்டு ஒருத்தரும் எழும்பி இடம் தராத கவலைக்கு ஈடாய் வைச்சிருக்கிறன்.

பிடிச்ச மீனை வீட்டை கொண்டு வந்தால், ஒன்ராறியோ அரசாங்கம் எந்த ஏரியில எந்த மீனை, எவ்வளவு நீளத்தில, மாதத்துக்கு எத்தினை தரம் சாப்பிடலாம் எண்டு ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. எடுத்துப் பாருங்கோ. இந்த ஏரியில பெரிய மீனில பழைய தொழிற்சாலைக் கழிவு கூடச் சேரும், அதால மீன் பெருக்கப் பெருக்க சாப்பாடு குறையும். பிள்ளை பெறுற வயசுப் பொம்பிளையளுக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் தனிக் கணக்கு, மகளுக்கு அதைப் பாத்துத்தான் குடுக்க வேணும். கழிவு நிக்கிறது கொழுப்பில. ஆனபடியால் தோலையும் வயித்துக் கொழுப்பையும் முதுகோரக் கொழுப்பையும் கராஜிலயே வெட்டி எறிஞ்சுபோட்டு, வெறும் சதையாய் மேல கொண்டு வாங்கோ. மாமி குசினிக்குள்ள நிக்கேக்க வெட்டாதேங்கோ, வயித்துத் துண்டு எங்க எண்டுதான் முதல் கேப்பா.